வாட்ச்சில் துடிப்பு 160 வந்துவிட்டால் கார்டியோ என்று தனியே ஓட வேண்டாமா?

12 மே 2024, கேள்வி

அண்ணா, நான் வாரம் நாலு நாள் ஜிம், வெயிட் மட்டும்தான். ஸ்குவாட் (தோளில் பாரோடு உட்கார்ந்து எழுவது) கடைசி செட் முடியும்போது வாட்ச் துடிப்பை 160, 165 என்று காட்டுகிறது. டிரெட்மில்லில் ஓடும் என் நண்பனுக்கும் அதே 160தான். அவனைவிட எனக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்குகிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டியது வெயிட்டிலேயே கிடைத்துவிடுகிறது என்றால் கார்டியோ எதற்கு? வயது 31. பிபி, சுகர் எதுவும் இல்லை.

12 மே, இரவு

கார்டியோ வேண்டும் தம்பி. அந்த இரண்டு 160-ம் ஒன்றல்ல.

ஓடும்போது கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை நெஞ்சுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். உள்ளே நிறைய வரும், நிறைய வெளியே போகும். சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளும் இதயம், பழகிய ஆள் வேகமாக ஓடும்போது 20 லிட்டரைத் தாண்டிவிடும். கனமான செட்டில் அப்படி நடக்காது. துடிப்பு விறுவிறுவென்று ஏறும், ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறாது. ஓய்வைக் குறைத்து சர்க்யூட்டாக, அதாவது ஒன்று மாற்றி ஒன்றாகத் தொடர்ந்து செய்தால்கூட, துடிப்பு உச்சத்தின் 70, 80 சதவீதத்தில் நிற்கையில் ஆக்சிஜன் பெரும்பாலும் உச்சத்தின் 40, 50 சதவீதத்தில்தான் இருக்கும்.

நாளை காலை ஷிப்ட். ஏன் இப்படி என்பதை வந்து எழுதுகிறேன்.

13 மே

நான் டாக்டர் இல்லை. எக்கோ எடுக்கும் டெக்னீஷியன், திருச்சி. காலையில் ஜிம், அப்புறம் நாள் முழுக்க மற்றவர்களின் இதயத்தைத் திரையில் பார்ப்பது. அங்கே தினமும் நடக்கும் ஒன்று உன் கேள்விக்கு நேராகப் பொருந்தும்.

சில நோயாளிகளுக்கு எக்கோ எடுக்கும்போது முக்கச் சொல்ல வேண்டியிருக்கும். வால்சால்வா என்று பெயர். 1700-களின் தொடக்கத்தில் இத்தாலிய உடற்கூறு அறிஞர் வால்சால்வா, காதுக்குள் இருக்கும் சீழை வெளியேற்ற இந்த முறையைச் சொன்னார். நாங்கள் சொல்வது வேறு மாதிரி: "மூச்சை இழுத்துப் பிடிங்க, பாத்ரூம்ல முக்குற மாதிரி முக்குங்க." பாதிப் பேர் கன்னத்தை மட்டும் உப்புவார்கள், வயிறு அசையாது. அதனால் வயிற்றில் கை வைத்து "என் கையைத் தள்ளுங்க" என்பேன். அப்போதுதான் வரும். நாலைந்து நொடியில் திரையில் இதயத்தின் இடது கீழறை சிறிதாவது கண்ணுக்கே தெரியும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறியதால் உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தம் வாசலிலேயே தடுக்கப்படுகிறது. உள்ளே வருவது குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போவதும் குறையும். ஈடுகட்ட துடிப்பு வேகமாகும்.

ஸ்குவாட்டில் தம் கட்டும்போது நீ செய்வது இதேதான், முதுகில் ஒரு பாரோடு. கோடையில் அடிபம்பு அடிப்பது மாதிரி: எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரு அடிக்கு அரைச் செம்புதான். உன் 160-இல் ஒரு பங்கு அந்த வேகம்.

அதோடு பயமும் சேரும். மூன்றாவது ரெப்பில், அதாவது மூன்றாவது தடவை இறங்கி எழும்போது, "எழுந்துடுவோமா" என்று மனசு கேட்கிறதே, அப்போது சுரக்கும் அட்ரினலினும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. பரீட்சை ரிசல்ட் பார்க்கும்போதும் துடிப்பு 120 போகும். அதைக் கார்டியோ என்று யாரும் சொல்வதில்லை.

13 மே, மதியம்

வாட்ச் பற்றி ஒரு வரி. பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கும்போது, தோல் வழியே ஒளி விட்டுப் படிக்கும் அந்த சென்சார் தடுமாறும். நெஞ்சுப் பட்டை இருந்தால் அதை நம்பு. இல்லையென்றால் செட் முடிந்ததும் கழுத்தோரம் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்கு. லேசாக வை. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அழுத்தாதே.

15 மே

"அப்போ வெயிட்டில் இதயத்துக்கு வேலையே இல்லையா?" என்று இன்னொரு தம்பி கேட்கிறார். வேலை இருக்கிறது. வேறு வேலை. ஓட்டத்தில் சுமை என்பது ரத்தத்தின் அளவு, வெயிட்டில் ரத்தத்தின் அழுத்தம்.

எவ்வளவு அழுத்தம் என்பதை 1985-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெக்டூகல் குழு அளந்தது. கையில் பட்டை சுற்றி அல்ல, ஐந்து பாடிபில்டர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் செருகி. இரண்டு காலாலும் லெக் பிரஸ் (மெஷினில் சாய்ந்து காலால் எடையைத் தள்ளுவது) செய்தபோது பிபியின் சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. ஒரு கையால் கர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்குவது) செய்து இனி முடியாது என்கிற வரை போனபோதுகூட சராசரி 255/190. பழைய பாதரச பிபி கருவியின் அளவுகோல் 300-இல் முடிந்துவிடும் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்கவும்.

ஓடுகிறவருக்கு மேல் எண் 180, 200 போகலாம். கீழ் எண் இருந்த இடத்திலேயே நிற்கும், கொஞ்சம் இறங்கவும் செய்யும், ஏனென்றால் கால் தசையில் குழாய்கள் விரிந்து கிடக்கின்றன. வெயிட்டில் இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன.

காரணங்கள் மூன்று. முறுக்கேறிய தசை தனக்குள் ஓடும் குழாய்களையே நசுக்குகிறது, அதனால் ரத்தம் போக வழி குறைகிறது. தம் கட்டியதில் நெஞ்சுக்குள் ஏறிய அழுத்தம் அப்படியே தமனி அழுத்தத்தோடு சேர்கிறது. மூன்றாவது எனக்குப் பிடித்தது. 1937-இல் கெய்ரோவில் ஆலமும் ஸ்மிர்க்கும் செய்த சோதனை: வேலை செய்துகொண்டிருக்கும் தசைக்கு மேலே பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு வேலையையும் நிறுத்தினார்கள். ஏறிய பிபி இறங்கவில்லை. பட்டையை அவிழ்த்த பிறகுதான் இறங்கியது. உள்ளே தேங்கிய கழிவு "எனக்கு ரத்தம் வரவில்லை" என்று மூளைக்குப் புகார் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. செட்டின் கடைசி இரண்டு ரெப் ஏன் அவ்வளவு பாடு படுத்துகிறது என்பதில் இதற்கும் பங்கு உண்டு.

16 மே

நேற்றைய எண்களைப் பார்த்து ஒருவர் லெக் பிரஸ்ஸையே விட்டுவிட்டாராம். ஐயா, இருங்கள். அந்த எண்ணுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

தம் கட்டும்போது நெஞ்சுக்குள் ஏறும் அழுத்தம் இதயத்தை வெளியிலிருந்தும் அணைத்துப் பிடிக்கிறது. இதயச் சுவருக்கு விழும் சுமை என்பது உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். உள்ளே 300 என்றாலும் வெளியே நூறு தாங்கிக்கொண்டிருந்தால் சுவருக்கு வருவது 200தான். (நூறு என்பது கணக்குக்காகச் சொன்னது.) கீழறை அந்த நேரத்தில் சுருங்கி வேறு இருக்கிறது. அறை சிறிதானால் சுவரின் இழுவிசையும் குறையும். 2001-இல் ஹைகோவ்ஸ்கி குழு எக்கோ வைத்தே பார்த்து, கொஞ்ச நேரம் தம் கட்டிச் செய்த லெக் பிரஸ்ஸில் சுவர் இழுவிசை ஏறவில்லை என்று எழுதினார்கள். மண்டைக்குள்ளும் இதே கதை. முதுகுத்தண்டு நீர் வழியாக அழுத்தம் அங்கேயும் ஏறி, மூளைக் குழாய்களை வெளியிலிருந்து தாங்குகிறது.

எனவே தம் கட்டுவதை வில்லனாக்க எனக்கு மனமில்லை. முழுப் பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போனால் கட்டாமல் தூக்கவும் முடியாது, உடம்பு தானாகவே கட்டிவிடும். எனக்குக் கவலை பாரை வைத்த பிறகு வரும் சில நொடிகள்தான். தசை தளர்கிறது, குழாய்கள் விரிகின்றன, நெஞ்சு அழுத்தம் போய்விடுகிறது. பிபி தொடங்கிய இடத்துக்கும் கீழே விழும். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) முடித்தவருக்குக் கண் இருட்டுவது அங்கே. ஒலிம்பிக் பளுதூக்குதலில் கிளீன் எடுத்து, அதாவது பாரைத் தோளுக்குக் கொண்டுவந்து எழுந்தவர் அப்படியே பின்னால் சாயும் வீடியோக்கள் பார்த்திருப்பீர்கள். அதில் பார் கழுத்தில் அழுத்துவதும் சேர்ந்துகொள்கிறது. லெக் பிரஸ் முடிந்ததும் சட்டென்று எழுந்து தண்ணீர் பாட்டிலைத் தேடாதீர்கள். உட்கார்ந்து நாலு மூச்சு விட்டுவிட்டு எழுந்தால் போதும்.

19 மே, ஞாயிறு

நுரையீரலை மறந்தே போய்விட்டோம். தம்பியின் கேள்வியில் பாதி அதுதான்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் எல்லார் வீட்டிலும் டிராயரில் கிடக்கிறது. என்னுடையதை ஒரு நாள் ஜிம்முக்கு எடுத்துப் போனேன். 20 ரெப் ஸ்குவாட் முடித்து, முழங்காலில் கை ஊன்றி, பேசக்கூட முடியாமல் நிற்கையில் விரலில் மாட்டினால் 97. மாஸ்டர் பார்த்துவிட்டு "மெஷின் ஓகே, ஆளைத்தான் மாத்தணும்" என்றார்.

ஆக்சிஜன் குறைந்ததால் வரும் இரைப்பு இல்லை இது. தசைக்குள் உருவான அமிலத்தை ரத்தத்தின் பைகார்பனேட் மட்டுப்படுத்தும்போது கரியமில வாயு வெளியாகிறது. அதையும், செட்டில் தம் கட்டியதால் தேங்கியதையும் வெளியேற்றத்தான் அந்த இரைப்பு. நுரையீரல் திணறவில்லை, பாக்கியை வசூலிக்கிறது. அதனால்தான் இரைப்பு செட்டின் நடுவில் இல்லாமல் முடிந்தபின் வருகிறது. லிண்ட்ஹார்ட் என்ற டென்மார்க்காரர் 1920 வாக்கிலேயே கம்பியில் கையை மடக்கித் தொங்கவிட்டு இதைப் பார்த்துவிட்டார்: ஆக்சிஜன் எடுப்பது தொங்கும்போது ஏறியதைவிட இறங்கிய பிறகு அதிகமாக ஏறியது.

ஓட்டத்தில் பாக்கி வைக்க முடியாது, ஓட ஓடவே கொடுத்துத் தீர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 80, 100 லிட்டர் காற்று, அதுவும் அரை மணி நேரம் நிற்காமல். தம்பி, உன் இரைப்பு நண்பனுடையதைவிடப் பெரிதாகத் தெரிவது அதனால்தான். உனக்கு வருவது மொத்தமாக வரும் பில்.

உதரவிதானத்துக்கு (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசை) மட்டும் வெயிட்டில் இரட்டை வேலை. மூச்சும் விட வேண்டும், வயிற்றை இறுக்கி முதுகையும் தாங்க வேண்டும். 20 ரெப் ஸ்குவாட்டில் பன்னிரண்டுக்கு மேல் இந்த இரண்டும் சண்டை போடும். பார் தோளில் இருக்கும்போதே மேலே நின்று மூன்று பெரிய மூச்சு எடுத்து, அப்புறம் தம் கட்டி இறங்குவது அந்தச் சண்டைக்கு ஒரு சமரசம். கால் வலுவில் முடிந்த செட்களைவிட மூச்சில் முடிந்த செட்கள்தான் எனக்கு அதிகம்.

19 மே, மாலை

மலைக்கோட்டை கதை ஒன்று. எங்கள் ஜிம்மில் 180 கிலோ டெட்லிஃப்ட் எடுக்கும் ஒருவர் குடும்பத்தோடு உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கக் கிளம்பினார். தாயுமானவர் சந்நிதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மாமியார் திரும்பிப் பார்த்து, "மாப்ளை, நீங்க இருங்க, பிரசாதம் வாங்கிட்டு வரேன்" என்று மேலே போய்விட்டார். ஜிம்மில் இன்றுவரை அவருக்குப் பிரசாதம் என்றுதான் பெயர்.

22 மே

மேலே உள்ளதைப் படித்து "கால் வலு இருந்தும் படி ஏற முடியாதா?" என்று கேட்டால், கால் வலு உதவும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1980-இல் ஹிக்ஸன் குழு, 10 வாரம் கால்களுக்குக் கடும் வலுப் பயிற்சி கொடுத்தது. சைக்கிளில் களைத்து விழும் வரை தாங்கிய நேரம் 47 சதவீதம் கூடியது. டிரெட்மில்லில் 12 சதவீதம். அதிகபட்ச ஆக்சிஜன் கொள்ளளவோ சைக்கிளில் கொஞ்சம் அசைந்தது, டிரெட்மில்லில் அசையவே இல்லை. எஞ்சின் அதேதான், கால்கள் அதே வேலையைக் குறைந்த சிரமத்தில் செய்கின்றன. நம் பிரசாதம் சார் விஷயத்தில் 104 கிலோ உடம்பும் ஒரு காரணம் என்பதை நாகரிகம் கருதி முன்பு சொல்லவில்லை.

23 மே

சுமைதூக்கும் தொழிலாளர் பற்றி ஒருவர் கேட்டார்: அவர்கள் ஓடுவதில்லை, இதயம் நன்றாகத்தானே இருக்கிறது?

இது பெரிய விஷயம். சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் 6351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1975-இல் பாஃபன்பார்கர் குழு எழுதியது. கனமான வேலை செய்தவர்களிடம் மாரடைப்பு மரணம் பத்தாயிரம் வேலை ஆண்டுகளுக்கு (ஒருவர் ஓராண்டு வேலை செய்தால் ஒரு வேலை ஆண்டு) 26.9. நடுத்தர வேலையில் 46.3, லேசான வேலையில் 49. நடுத்தரத்துக்கும் லேசானதற்கும் அதிக வித்தியாசமில்லை, கனம் மட்டும் தனியே நிற்கிறது. திரும்பத் திரும்பச் சிறிது நேரம் வந்து போகும் கடும் உழைப்புதான் காப்பாற்றுகிறது என்பது அவர்கள் முடிவு.

ஆனால் 2021-இல் கோபன்ஹேகனில் 1,04,046 பேரை வைத்து ஹோல்டர்மன் குழு பார்த்தபோது கதை தலைகீழ். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதய ஆபத்து குறைவு. வேலையிலேயே கடும் உடலுழைப்பு இருந்தவர்களுக்கு அதிகம். ஏன் என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை. எட்டு மணி நேரம் பிபி ஏறியே இருப்பது, நடுவில் ஓய்வு இல்லாதது, வேகத்தைத் தீர்மானிப்பது வேறு ஆள் என்பது, இவை முக்கியம் என்று நான் நினைக்கிறேன். காந்தி மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்குபவர்களை விடியற்காலையில் நின்று கவனித்தால் ஒன்று தெரியும்: மூட்டை முதுகில் விழும் அந்தக் கணத்தில் "ஹுக்" என்று ஒரு மூச்சு வெளியே வரும். யாரும் சொல்லிக் கொடுக்காத பாடம். அதே ஆள் எட்டாவது மணி நேரத்தில் எப்படித் தூக்குகிறார் என்பதை நானும் நின்று பார்த்ததில்லை, ஆய்வு செய்பவர்கள் பார்க்க வேண்டும்.

26 மே

தனிச் செய்தியில் மூன்று பேர் ஒரே விஷயம்: "எனக்கு பிபி இருக்கு, தூக்கலாமா?"

உங்கள் டாக்டர் சொல்வதுதான் சட்டம். பொதுவாகச் சொல்லப்படுவதை மட்டும் எழுதுகிறேன். கட்டுப்படாத பிபி, 180/110-க்கு மேல் என்றால் வெயிட் பக்கமே போகக் கூடாது. முதலில் மருந்து. கட்டுக்குள் வந்தபின் அமெரிக்க இதயச் சங்கம் தொடக்கத்துக்குச் சொல்வது, உங்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற எடையில் கைக்கு 30, 40 சதவீதம், காலுக்கு 50, 60 சதவீதம். தூக்கும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். "இனி முடியாது" வரைக்கும் போகக் கூடாது, ஏனென்றால் லேசான எடையும் அந்தக் கடைசி இரண்டு ரெப்பில் கனமான எடை போலவே நடந்துகொள்ளும்.

அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடலாம். துடிப்பை மாத்திரை பிடித்து வைத்திருக்கும். பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்று பாருங்கள், அதுவே அளவு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அசையாமல் இறுக்கிப் பிடிப்பது அந்த நேரத்தில் பிபியை ஏற்றும், வாரக்கணக்கில் செய்தால் இறக்கும். 2023-இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஓய்வுநிலை பிபியை அதிகம் குறைத்தது இந்த வகைதான். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல உட்காருவதும் அதில் ஒன்று. சராசரியாக மேல் எண்ணில் 8, கீழ் எண்ணில் 4. வழக்கமான முறை இரண்டு நிமிடம் வீதம் நாலு தடவை, நடுவில் ஓய்வு, வாரம் மூன்று நாள். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் தொடை நடுங்கும்போது தானாகத் தம் கட்டத் தோன்றும். வாய்விட்டு எண்ணினால் கட்ட முடியாது. வீட்டில் நான் எண்ணுவதைக் கேட்டு மகள் தானும் சேர்ந்து எண்ணுவாள், வேண்டுமென்றே மெதுவாக.

30 மே

"வெயிட் தூக்கினால் இதயச் சுவர் தடிக்கும்" என்ற பயத்துக்கு வருகிறேன். இது என் தொழில்.

1975-இல் மார்கன்ராத் குழு எக்கோ வைத்து எழுதியது: ஓட்டக்காரர், நீச்சல்காரர் இதயத்தில் அறை பெரிதாகிறது, மல்யுத்தம் செய்பவர், குண்டு எறிபவர் இதயத்தில் சுவர் தடிக்கிறது. அளவுச் சுமைக்கு அறை, அழுத்தச் சுமைக்குச் சுவர். கேட்க அழகாக இருப்பதால் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துவிட்டது. 2011-இல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக் குழு பயிற்சி இல்லாத இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஆறு மாதம் ஓட்டம் அல்லது வெயிட் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தது. இதயத் தசை எடை கூடியது ஓடியவர்களுக்கு. வெயிட் தூக்கியவர்களுக்குச் சுவர் தடிக்கவே இல்லை. ஒரு நாளில் எத்தனை நிமிடம் நிஜமாகவே பாரின் அடியில் இருக்கிறோம் என்று கூட்டிப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

என் மேஜையில் ஆண்களுக்கு இடைச்சுவர் 6 முதல் 10 மில்லிமீட்டர் என்பது சாதாரணம். ஜிம் ஆட்கள் பலர் வருகிறார்கள், பெரும்பாலோர் அதற்குள்தான். 13, 14 என்று அளவுக்கோடு நிற்கும்போது நான் இன்னொரு கோணத்தில் மறுபடி அளப்பேன். அப்புறம் டாக்டர் கேட்கும் கேள்விகள் வேறு: பிபி எத்தனை வருஷமாக, குடும்பத்தில் திடீர் மரணம் உண்டா, உடம்பு ஏற்ற ஸ்டீராய்டு ஊசி போடுகிறாயா? மூன்றாவது கேள்விக்கு முதல் தடவையில் யாரும் உண்மை சொல்வதில்லை.

2 ஜூன்

கர்லாக்கட்டை எதில் சேரும் என்று கேட்டவருக்கு: எடை லேசு, சுற்று நிற்காது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். இறுக்கிப் பிடிப்பது கணநேரம்தான். வெயிட்டை விட ஓட்டத்துக்குத்தான் பக்கம். இளவட்டக்கல் இன்னொரு கோடி: ஒரே தம், அவ்வளவுதான். பஸ்கி, தண்டால் இரண்டுக்கும் நடுவே, எத்தனை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து. நூறு பஸ்கி எடுப்பவருக்குப் பாதிக்கு மேல் அது கார்டியோதான்.

3 ஜூன்

முதலில் கேட்ட தம்பி நேற்று எழுதியிருக்கிறார்: "சரி அண்ணா, எவ்வளவு ஓடட்டும்? ஓடினால் ஸ்குவாட் குறைந்துவிடுமே."

ஓடவே வேண்டும் என்றில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் வலுப் பயிற்சி. இரண்டாவதை நீ ஏற்கெனவே முடித்துவிட்டாய். முதலாவதற்கு சைக்கிள் போதும், காலில் அடி விழாது. கால் செட் இல்லாத நாளில் வை, ஒரே நாளில் வந்தால் வெயிட்டை முதலில் முடி. இந்த அளவுக்கு ஸ்குவாட் குறையாது. குறைவது, வாரம் ஆறு நாள் கடுமையாக ஓடிக்கொண்டே ஐந்து நாள் கால் செய்பவர்களுக்கு. அதையும் 1980-இல் அதே ஹிக்ஸன்தான் காட்டினார்.

சைக்கிளில் பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். வாட்ச் 130 காட்டினால் "இவ்வளவுதானா" என்று ஏற்றாதே. அந்த 130-க்குள் போகும் ரத்தம் உன் ஸ்குவாட் 160-ஐவிட அதிகம்.